பத்து வெள்ளிக்கு மூன்று

அமுதவள்ளியிடம் "இன்னைக்கு நல்ல வெயில்" என்று யாராவது சொன்னால், உடனே ஆமாம் போட மாட்டாள். ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் ஆமாம் போடுவாள். மீன்காரரின் தராசை ஒரு தட்டுத் தட்டாமல் அவள் மீன் வாங்கியதில்லை. கோயிலில் அர்ச்சனை நடக்கும்போது, ஐயர் நட்சத்திரத்தை மாற்றிச் சொல்லிவிடுகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். புண்ணியம் அடுத்த வீட்டுக்குப் போய்விடக் கூடாதாம்.

அந்தச் சந்தேகத்துக்குத்தான் அவளுக்குச் சம்பளமே. கிள்ளானில் வீடு, பிரிக்பீல்ட்ஸில் புடவைக் கடையின் மேல்மாடியில் வேலை. ரவிக்கைத் துணி ஒன்று வாடிக்கையாளரின் கைப்பைக்குள் போகப்போகிறது என்பது, அந்த அம்மாவுக்கே தோன்றுவதற்கு முன்னால் இவளுக்குத் தோன்றிவிடும். "அக்கா, அந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்கும், பில் போட்டுடவா?" என்று சிரித்த முகமாகக் கேட்பாள். துணி பேசாமல் மேசைக்குத் திரும்பி வந்துவிடும். "உன் கண்ணு கண்ணா, கேமராவா?" என்று கூட வேலை செய்யும் சீதாலெட்சுமி கேலி செய்வாள். கேமராவையும் அமுதவள்ளி நம்புவதில்லை என்பது வேறு விஷயம்.

சும்மா வந்த குணமா இது? கட்டின புருஷன் கொடுத்த சீர். சுகுமாறன் என்று பெயர், ஷா ஆலம் பக்கம் ஒரு ஃபாக்டரியில் வேலை. சனிக்கிழமையானால் போதும், "ஓ.டி. இருக்கு வள்ளி" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். இவளும் மனுஷன் ஓவர்டைம் பார்த்து மாடாக உழைக்கிறானே என்று உருகி உருகிச் சாப்பாடு கட்டிக் கொடுப்பாள். ஒரு சனிக்கிழமை அவன் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போக, இவள் அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனாள். கேட்டில் காவலுக்கு இருந்த ஜாகா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சனிக்கிழமை இங்க எப்பவும் பூட்டுதானேம்மா" என்றார்.

அவன் போனதெல்லாம் குதிரைப் பந்தயத்துக்கு. அவன் வாயில் அதற்குப் பெயர் "கேம்". "இன்னைக்கு ஒரு நல்ல கேம்", "கேம் கவுத்துடுச்சு" என்று அவன் போனில் பேசியதையெல்லாம் பந்து விளையாட்டு என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தாளே, அந்த ஆத்திரம் அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை. விஷயம் வெளியே வந்த கொஞ்ச நாளில் அவன் ஜொகூர் பக்கம் போனான். போனவன் போனவன்தான்.

ஒரு நல்ல நாளில் ஜெயித்துவிட்டு வந்தபோது, ஒன்பது வயது மகள் ஷாமினிக்கு அவன் ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கி வந்திருந்தான். அதற்கு டிஸ்க் வாங்க அமுதவள்ளியே பிள்ளையை வெள்ளிக்கிழமை ராத்திரிச் சந்தையான பாசார் மாலாமுக்குக் கூட்டிப் போவாள். சாலையோரத்தில் பிளாஸ்டிக் உறையில் தொங்கும், பத்து வெள்ளிக்கு மூன்று. பேரம் பேசினால் நான்காகவும் தருவார்கள். அவன் வீட்டை விட்டுப் போன வாரமே அந்தப் பெட்டி, டிஸ்க், வயர் எல்லாவற்றையும் பழைய சாமான் லோரிக்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். "இனிமே இந்த வீட்டுல கேம்ங்கிற வார்த்தை கேட்கக் கூடாது" என்றாள். ஷாமினி வாசலில் நின்று லோரி போவதைப் பார்த்தாள். அழவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. நல்ல பிள்ளை, சொன்னால் புரிந்துகொள்கிறது என்று அமுதவள்ளி நினைத்துக்கொண்டாள்.

அந்த நல்ல பிள்ளை வளர்ந்து, படித்து, கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் கணக்கு வேலைக்குப் போயிற்று. சுகுமாறனுக்குப் பிறகு உலகத்தில் அமுதவள்ளி சரிபார்க்காமல் நம்பிய ஒரே ஆள் ஷாமினிதான். "சனிக்கிழமை ஓ.டி. ம்மா" என்று மகள் சொன்னபோது முதல் தடவை மட்டும் சுகுமாறனின் சனிக்கிழமைகள் ஞாபகம் வந்தன. சீ, பெற்ற பிள்ளையைப் போய், என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் கேட்டதே இல்லை.

இப்போது ஷாமினிக்கு இருபத்தேழு. தோழியின் கல்யாணத்தில் பார்த்துப் பழகியதாகச் சொல்லி ஒரு பையனைப் பற்றிப் பேச்செடுத்தாள். பெயர் தனேஷ், லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் டெக்னீஷியன். அப்பா அம்மா இல்லை, அக்கா வளர்த்த பிள்ளை.

"எனக்குப் பிடிச்சிருக்கும்மா. ஆனா நீ பாரு. நீ சரின்னா சரி. நீ வேணாம்னா நான் வேற பேச்சு பேச மாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான், அழுத்தக்காரி. வேண்டாம் என்று தாய் ஒரு சொல் சொன்னால் அந்தப் பெண் மனதைப் பூட்டிவிட்டு அப்படியே இருந்துவிடுவாள். அது அமுதவள்ளிக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பயம் கூடியது. தன்னைப் போல அவளும் ஒரு பொய்யனிடம் மாட்டிக்கொண்டால்?

பையன் வீட்டுக்கு வந்தான். குனிந்த தலை, சுத்தமான சட்டை, கேட்டதற்குப் பதில். இவ்வளவு அடக்கமா, எங்கேயோ இடிக்கிறதே என்று அமுதவள்ளிக்கு அப்போதே மூக்கு வியர்த்தது. அவனுக்குப் போன் வந்தது. "சாரி ஆன்டி" என்று வாசலுக்குப் போய்ப் பேசினான். இவள் துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் ஜன்னலோரம் போய் நின்றாள். செடிக்குக் காலையிலேயே ஊற்றியாயிற்று.

"முந்நூத்தி நாப்பத்தொம்பதா? போன வருஷம் கூட இருநூத்தி அறுபதுக்கு வந்திச்சே. அநியாயம் லா இது. பரவால்ல, கூட்டு இருக்குல்ல, சமாளிச்சுக்கலாம். இந்தத் தடவை முதல் கை எனக்குன்னு தலை சொல்லிட்டாங்க."

கூட்டு என்றால் என்னவென்று கிள்ளானில் பச்சைக்குழந்தைக்கும் தெரியும். மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு, சீட்டுக் குலுக்கி, பெயர் வந்தவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வது. அதை நடத்துகிறவர்தான் தலை. தலை நல்லவராக இருந்தால் நகை வாங்கலாம், இல்லாவிட்டால் போலீஸில் எழுதிக் கொடுக்கலாம்.

அவன் உள்ளே வந்ததும் "ஏதோ பணப் பிரச்சினையா தம்பி?" என்று தேன் ஒழுகக் கேட்டாள்.

"இல்ல ஆன்டி. புதுசா ஒரு கேம் வருது. வெலை ஏத்திட்டாங்க, அதான்."

சமையலறையில் ஒரு கரண்டி கீழே விழுந்தது. ஷாமினி வெளியே வந்து, "அம்மா, டீ ஆறுது பாரு" என்றாள்.

அமுதவள்ளி டீயைத் தொடவில்லை. கேம். பதினெட்டு வருடமாக அந்த வீட்டில் கேட்காத வார்த்தை, நடுக்கூடத்தில், மாப்பிள்ளையாக வரப்போகிறவன் வாயிலிருந்து. அதுவும் ஒரு கேம் முந்நூற்றுச் சொச்சமாம். யார் காதில் பூ சுற்றுகிறான்? கேம் விலை அவளுக்குத் தெரியாதா என்ன? பத்து வெள்ளிக்கு மூன்று! எல்லாம் விலை ஏறிவிட்டது, ஒப்புக்கொள்கிறாள். சிகப்பு வெங்காயம் ஏறியது, ரொட்டி சானாய் ஏறியது. அதற்காக மூன்று வெள்ளிச் சாமான் முந்நூறுக்கா போகும்? இது வேறு கேம். அந்தக் கேம்.

"எங்கப்பா வாங்குவீங்க இதெல்லாம்?" என்று போகும்போது மெதுவாகப் போட்டு வாங்கினாள்.

"இங்கதான் ஆன்டி, புக்கிட் திங்கி மால்ல."

மறுநாள் கடையில் சீதாலெட்சுமியிடம் கொட்டித் தீர்த்தாள். அவள் புடவை மடித்துக்கொண்டே, "இப்ப கேமெல்லாம் அந்த வெலைதான்னு என் மவன் சொல்வான் அமுதா. அவன் வாயைத் திறந்தாலே எனக்குப் பயம்" என்றாள்.

"உன் மவனும் சொல்வான். எல்லா ஆம்பளப் புள்ளைங்களும் ஒண்ணா பேசி வச்சிக்கிட்டுச் சொல்லுதுங்களோ என்னமோ."

லீவு நாளில் அந்த மாலுக்கே போனாள். கேம் கடையில் சீனப் பையன் ஒருவன் நின்றான். மலாயில் கேட்டாள், ஒரு கேம் என்ன விலை. அவன் சுவரைக் காட்டினான். முந்நூற்று நாற்பத்தொன்பது, முந்நூற்று இருபத்தொன்பது, இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. அமுதவள்ளி சீட்டுகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். கீழே வேறு விலை ஒட்டியிருக்கிறதா என்று.

"பாசார் மாலாம்ல பத்து வெள்ளிக்கு மூணு வாங்கியிருக்கேனே" என்றாள்.

பையன் சிரித்துவிட்டான். "அது திருட்டு டிஸ்க் ஆன்டி. அப்பவும் ஒரிஜினல் வெலை அதிகம்தான். நீங்க ஒரிஜினல பார்த்ததே இல்ல."

ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட மகராசி, வெள்ளிக்கிழமைதோறும் திருட்டுச் சாமானை ஆசையாகப் பேரம் பேசி வாங்கியிருக்கிறாள். சுருக்கென்றது. அதற்காக விட்டுவிடுவாளா? ஒரு பெட்டியை எடுத்துக் காதருகே ஆட்டினாள். சத்தமே இல்லை.

"இது காலிப் பெட்டி தம்பி."

"இதுல டிஸ்க் இல்ல ஆன்டி. உள்ள ஒரு நம்பர்தான் இருக்கும். அதப் போட்டு இன்டர்நெட்ல எறக்கிக்கணும்."

"டிஸ்க் இல்லாத பெட்டிக்கா இந்த வெலை?"

"ஆமா. இனிமே இப்படித்தான் நெறைய வரும். வாங்கின ஆள்தான் ஆடலாம், யாருக்கும் கைமாத்த முடியாது. டிஸ்க் உள்ளதுன்னா நாலு பேர் சேர்ந்து வாங்கி மாத்தி மாத்தி ஆடுவாங்க. இப்ப பாதிப் பேர் அப்படித்தான் வர்றாங்க."

சரி, விலை உண்மைதான். ஒரு படி இறங்கினாள். ஆனால் சந்தேகம் என்பது உட்கார இடம் கேட்கும். ஒரு நாற்காலி போனால் இன்னொன்றைத் தேடும். போனை எடுத்து, சம்பந்தம் பேச வந்த தனேஷின் படத்தைக் காட்டினாள். "எங்க சொந்தக்காரப் பையன். இங்க வருவானா?"

"ஓ, இவரா. ரெகுலர் ஆன்டி. சனிக்கிழமை வருவார், அந்தப் பொண்ணோட."

அமுதவள்ளியின் காது அடைத்துக்கொண்டது. "எந்தப் பொண்ணு?"

"இந்தியப் பொண்ணு. இவர் பை தூக்குவார், அவ்வளவுதான். எந்த கேம், யாருக்கு முதல்ல, எல்லாம் அந்தப் பொண்ணு முடிவுதான். பாஸ் மாதிரி."

"ஆளு எப்படி இருப்பா?"

"தொப்பி, மாஸ்க் போட்டிருப்பாங்க. கண்ணு மட்டும்தான் தெரியும்."

முகத்தை மறைத்துக்கொண்டு வருகிறாளாமே! தலை சொல்லிட்டாங்க, தலை சொல்லிட்டாங்க என்று அவன் உருகியது இந்தச் சிறுக்கியைத்தானா? அமுதவள்ளிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே சனிக்கிழமை பாராமல் தன் பெண் ஓ.டி. செய்து ஓடாய்த் தேய்கிறாள். அங்கே அவன் எவளோ ஒருத்திக்குப் பை தூக்குகிறான். பாவி. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. பஸ்ஸில் வரும்போது அவளுக்கு அழுகை வந்தது. அந்த அழுகைக்கு அடியில் ஒரு சின்னத் திருப்தியும் இருந்தது, நான் அப்பவே நினைத்தேன் என்கிற திருப்தி.

மகளிடம் முதலில் தனியாகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் அவனைக் காப்பாற்றப் பார்ப்பாள் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை தனேஷின் அக்காவும் மாமாவும் நிச்சயத்துக்கு நாள் பார்க்க வருகிறார்கள். நாலு பேர் முன்னால் கேட்டால்தான் உண்மை வரும். புடவைக் கடையில் திருடிக்குக்கூட மானம் போகாமல் பேசத் தெரிந்தவள், வீட்டுக்கு வரப்போகிற பையனுக்கு அந்தத் தயவைக் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். தட்டில் பழம், வெற்றிலை, பூ, ஒரு டப்பா லட்டு. தனேஷின் அக்கா மங்களகரமாக உட்கார்ந்து, "அப்ப தை மாசமே வெச்சுக்கலாங்களாம்மா?" என்று ஆரம்பித்தாள்.

"வெச்சுக்கலாம். அதுக்கு முன்ன தம்பிகிட்ட ஒண்ணு கேட்கணும்" என்றாள் அமுதவள்ளி. "சனிக்கிழமை ஆனா மால்ல ஒரு பொண்ணுகூட சுத்துறீங்களே, அது யாரு?"

தனேஷின் முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்படி யாரும் இல்ல ஆன்டி."

"தொப்பி போட்டுக்கிட்டு, மாஸ்க் போட்டுக்கிட்டு வருவாளாமே. கேம் கடைப் பையனே சொன்னான். உங்க கூட்டுக்கு அவதான் தலையாமே. பொய்யா?"

அவன் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தான். "அது பொய் இல்ல ஆன்டி. ஆனா அது யாருன்னு நான் சொல்லக் கூடாது. வாக்குக் கொடுத்திருக்கேன்."

"தம்பி, என்னடா இது? சொல்லுடா" என்றாள் அக்கா.

"சொல்ல முடியாதுக்கா."

அக்கா அவனைப் பார்த்தாள், அமுதவள்ளியைப் பார்த்தாள். பிறகு எழுந்து தட்டைக் கையில் எடுத்தாள். "மன்னிச்சிடுங்கம்மா. நான் வளர்த்த புள்ள இப்படின்னு எனக்குத் தெரியாது. வாடா போவலாம்."

"தட்டை வைங்க அண்ணி."

சமையலறை வாசலில் ஷாமினி நின்றிருந்தாள். குரல் உயரவில்லை.

"அந்தப் பொண்ணு நான்தான்."

அமுதவள்ளிக்குச் சட்டென்று பிடிபடவில்லை. "நீ எப்படிடி? சனிக்கிழமை உனக்கு ஓ.டி. ஆச்சே."

"ஓ.டி. இல்லம்மா. ரெண்டு வருஷமா எந்தச் சனிக்கிழமையும் ஓ.டி. இல்ல. தனேஷ் வீட்டுல, அக்கா மாமாவெல்லாம் வேலைக்குப் போன நேரத்துல, நாங்க அஞ்சு பேரு உட்கார்ந்து கேம் ஆடுவோம். அவரை நான் கல்யாணத்துல பார்க்கல, இந்த கேம் ஆடப் போனப்பதான் பார்த்தேன். கேம் வெலை ஏறிக்கிட்டே போச்சு. தனியா வாங்க முடியல. நான்தான் கூட்டு ஆரம்பிச்சேன். அஞ்சு பேரு போட்டு ஒரு டிஸ்க் வாங்குவோம், சீட்டுக் குலுக்கி முதல் கை யாருக்குன்னு நான் சொல்வேன், ஆடி முடிச்சவங்க அடுத்தவங்களுக்குக் குடுப்பாங்க. அவ்வளவுதான். இதுல சூதும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

ஷாமினி கூடத்துக்குள் வந்து தாயின் எதிரே நின்றாள்.

"லோரி வந்தது உனக்கு ஞாபகம் இருக்காம்மா? அப்பா செஞ்சதுக்கு என் பெட்டி போச்சு. இந்த வீட்டுல அந்த வார்த்தைய யாரு சொல்ல முடியும்? அதான் நீ நம்புற மாதிரி ஒண்ணைச் சொன்னேன்."

நம்புகிற மாதிரி. ஓ.டி. இருக்கு வள்ளி, ஓ.டி. ம்மா. அதே சனிக்கிழமை, அதே வார்த்தை. கடைப் பையனிடம் காட்டிய போனில், தனேஷின் படத்துக்கு அடுத்த படமே ஷாமினிதான். விரலால் ஒரு தள்ளுத் தள்ளியிருந்தால் போதும். அந்த ஒரு படத்தைக் காட்ட வேண்டும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. புருஷன் சொன்ன பொய் எத்தனையோ வருடத்துக்கு முந்தியது. இந்தப் பொய்யை அவளே பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டி வளர்த்திருக்கிறாள். வெட்கம் ஒரு பக்கம், வலி ஒரு பக்கம், அமுதவள்ளி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

தனேஷின் அக்காதான் முதலில் பேசினாள். "என் வீட்டுலயா ஆடுறீங்க? சோபா கவர் கசங்கிக் கிடக்குதேன்னு நான் பூனையத் திட்டிக்கிட்டிருந்தேன்." மாமா சிரித்தார். தட்டு மறுபடி மேசைக்கு வந்தது. அமுதவள்ளி தனேஷின் அருகில் போய், "தப்பா நினைச்சிட்டேன் தம்பி. மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். அவன் எழுந்து நின்று, "பரவால்ல ஆன்டி, அந்தக் கடைக்காரன நான் பார்த்துக்கறேன்" என்றான். தை மாதத்தில் நாள் குறித்தார்கள்.

அதற்கப்புறம் கூட்டு அமுதவள்ளியின் வீட்டுக்கு இடம் மாறிவிட்டது. அவளே வற்புறுத்தினாள். சனிக்கிழமை சாயங்காலம் அவள் கடையிலிருந்து வரும்போது வாசலில் ஐந்து ஜோடிச் செருப்பு கிடக்கும், கூடத்து டிவியில் கார் பறக்கும். பஜ்ஜி போட்டுக் கொடுப்பாள். கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "தனேஷ் வேணும்னே உனக்கு விட்டுக் குடுக்குறான்" என்று மகளிடம் கிசுகிசுப்பாள். இனிமேல் வரும் கேம் எல்லாம் டிஸ்க் இல்லாத பெட்டியாக வந்தால் கூட்டைக் கலைக்க வேண்டியதுதான் என்று பிள்ளைகள் கவலைப்பட்டபோது, "நான் அன்னிக்கே ஆட்டிப் பார்த்துச் சொன்னேன், காலிப் பெட்டின்னு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஆண்டுக் கணக்கு முடிக்கிற நேரத்தில் ஒரு சனிக்கிழமை காலை, ஷாமினி செருப்பை மாட்டிக்கொண்டே, "அம்மா, இன்னைக்கு நெஜமாவே ஓ.டி." என்றாள்.

"சரி, போய்ட்டு வா."

மத்தியானம் கடையில் நல்ல கூட்டம். ஒரு பட்டுப் புடவையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது போன் சத்தம் கேட்டது. ஷாமினி ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஆபீஸ் மேசை, கம்ப்யூட்டர், பின்னால் சுவர்க் கடிகாரம். இவள் கேட்கவே இல்லை. கேட்காமலே வந்திருந்தது.

அமுதவள்ளிக்கு நெஞ்சைப் பிசைந்தது. சுகுமாறன் ஒரு நாளும் இப்படி ஒரு சாட்சி காட்டியதில்லை, வெறும் வாயால் சொல்லிவிட்டுப் போனான், இவள் நம்பினாள். உண்மை பேசுகிற பிள்ளைதான் இன்றைக்குப் பெற்ற தாயிடம் சாட்சி வைத்துப் பேசுகிறது. புடவையை அப்படியே போட்டுவிட்டு, ஓரமாகப் போய் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். "படம் எல்லாம் அனுப்பாத மா. நீ சொன்னா போதும்." மகளிடமிருந்து உடனே ஒரு சிவப்பு இதயம் வந்தது.

போனைப் பைக்குள் வைத்தாள். சீதாலெட்சுமி புடவையை மடித்துக்கொண்டிருந்தாள், கூட்டம் இன்னும் குறையவில்லை. இரண்டடி நடந்தவள் நின்றாள். போனை மறுபடி எடுத்து, அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, கடிகாரத்தைப் பார்த்தாள். மணி சரியாகத்தான் இருந்தது.